நாய் வரக்கூடாத ஹோட்டல்

— தாராளமா கூட்டிட்டு வாங்க மேடம். பின்பக்கம் தோட்டத்துல ஆறு மேசை போட்டிருக்கோம். நாய்க்குனு தனியா தண்ணிக் கிண்ணம்கூட வைப்போம். எத்தனை பேருக்கு எழுதிக்கட்டும்?

— எழுத வேண்டாங்க.

— ஏன் மேடம், தேதி மாத்தணுமா?

— தேதியெல்லாம் சரிதான். நாயை நீங்க உள்ள விடுவீங்க போலிருக்கே. எனக்கு விடாத ஹோட்டல்தான் வேணும்.

— புரியலை மேடம்.

— புரியாட்டி பரவால்லைங்க. நீங்க நல்லா இருங்க. வச்சிடறேன்.

— யார்கிட்ட பேசறே?

— ஹோட்டல்ல. உங்க அக்கா வெள்ளிக்கிழமை நாயோட வர்றாங்கல்ல. வெளிய கூட்டிட்டுப் போக இடம் பார்க்கச் சொன்னது நீங்கதானே.

— சொன்னேன். அவங்கதான் கூட்டிட்டு வாங்கனு சொல்றாங்களே. எனக்கு இங்க இஸ்திரி போடற இடம் வரைக்கும் கேட்டுச்சு.

— அதனாலதான் வேண்டாம்னேன்.

— அந்த ஆளுக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான் புரியலை.

— சட்டையை அப்படியே வச்சுட்டு வந்து உட்காருங்க. இந்த நோட்டைப் பாருங்க. இடது பக்கம், நாய் வரலாம்னு சொன்ன இடம். வலது பக்கம், வரவே கூடாதுனு சொன்ன இடம். பக்கத்துலயே பேசின ஆள், பேசின நேரம்.

— இதென்ன, உன் ஆஸ்பத்திரி வேலையை வீட்டுலயும் ஆரம்பிச்சிட்டியா?

— பன்னெண்டு வருஷமா நோயாளிக்கு நேரம் குறிச்சுக் கொடுக்கறவ. போன்ல யாரையும் வாயைத் திறக்க வச்சிடுவேன். காலையிலேருந்து பதினாலு இடம். அஞ்சு இடத்துல வாங்கங்கறான். ஒன்பது இடத்துல ஆகாதுங்கறான். அந்த ஒன்பதுலதான் மூணு பொறுக்கி வச்சிருக்கேன்.

— இரு, போன் அடிக்குது. சொல்லுப்பா. சனிக்கிழமையா? ஐயோ, வரணும்னு எனக்கும் ஆசைதான். வீட்டுல விடமாட்டேங்கறா. ஆமாம்ப்பா, ஒரே பிடிவாதம். என்ன பண்றது, குடும்பம்னு ஆயிடுச்சு. சரி, அப்புறம் பேசறேன்.

— நான் எப்ப விடமாட்டேன்னேன்?

— சும்மா ஒரு பேச்சுக்கு. எனக்குப் போக இஷ்டம் இல்லை. அதை அவன் முகத்துக்கு நேரா சொல்ல முடியுமா?

— அதுக்கு என் தலையை உருட்டுவீங்களா?

— விடேன். அவன் உன்னைப் பார்க்கவா போறான். அந்த மூணு இடம் என்னனு சொல்லு.

— குறிச்சுக்கங்க. சனிக்கிழமை காலையில ஒன்பது மணி, ஏரிக்கரைப் பூங்கா. வாசல்லயே காவல்காரர் நிறுத்துவார். நான் பேசினேன், ரொம்பக் கறாரான மனுஷன், யார் சொன்னாலும் விட மாட்டாராம். உங்க அக்கா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிப்பாங்க. நாம உள்ள போய் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். பதினொரு மணிக்குப் படகுத்துறை. அங்கேயும் அதே கதை. ஒரு மணிக்குச் சாப்பாடு.

— சாப்பாடு எங்க?

— எங்கனு நினைக்கறீங்க?

— அந்த ஹோட்டலா?

— அதே ஹோட்டல். அதே பார்க்கிங். ஏன், வண்டிகூட அதே வண்டிதான்.

— வேண்டாம்மா. ஆறு வருஷம் ஆயிடுச்சு. விட்டுடேன்.

— எங்கப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சுனு சொல்லுங்க.

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— என்ன சம்பந்தமா? உங்களுக்குப் பதவி உயர்வு வந்துச்சுனு உங்க அக்கா விருந்து வச்சாங்க. உங்க ஆபீசர், அவர் சம்சாரம், இன்னும் யார் யாரோ. அன்னிக்குத்தான் எங்க ஆஸ்பத்திரியில அப்பாவோட கை நடுக்கத்துக்குப் பார்த்தோம். ஷிஃப்ட் முடிய எனக்கு ரெண்டு மணி நேரம் பாக்கி. நீங்க வந்து அவரைக் கூட்டிட்டுப் போனீங்க. விருந்துக்குப் போறோம்னு புதுச்சட்டை போட்டுக்கிட்டிருந்தார் மனுஷன். நான் ஓட்டமும் நடையுமா வந்து பார்த்தா எங்க இருந்தார்?

— தெரியும். எதுக்குத் திரும்பத் திரும்ப அதையே.

— தெரிஞ்சா என்ன, கேளுங்க. பார்க்கிங்ல, வண்டிக்குள்ள. கண்ணாடியெல்லாம் ஏத்தி இருக்கு. மடியில ஒரு பார்சல். ஒரு ஸ்பூன் வைக்கக்கூட யாருக்கும் மனசு வரலை. ஆடற கையால அள்ளி அள்ளிச் சாப்பிட்டு, பாதி புதுச்சட்டையில, பாதி சீட்டுல. என்னைப் பார்த்ததும் அவசர அவசரமா சட்டையைத் தட்டிவிட்டுக்கறார். 'இங்கதாம்மா நிம்மதியா இருக்கு'ங்கறார். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகலை.

— நான் அன்னிக்கே சொல்லிட்டேன்ல. அக்காதான்.

— அக்காதான். 'பெரிய மனுஷங்க வர்ற இடம். கை நடுங்கச் சிந்திக்கிட்டுச் சாப்பிட்டா பார்க்கறவங்க முகம் சுளிப்பாங்க. அவர் வண்டியிலயே இருக்கட்டும்.' ஒரு வார்த்தை மாறாம எனக்கு மனப்பாடம்.

— அவ குணம் அப்படி. என்ன பண்றது?

— அன்னிக்கே உள்ள போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டிருப்பேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினது யாரு? ஆபீசர் முன்னாடி வேண்டாம்னீங்க. அப்புறம், அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு, ஏதாவது கேட்டா தாங்க மாட்டானு சொன்னீங்க. நாலு மாசத்துல அப்பா போயிட்டார். அப்பவும் கேட்க விடலை.

— கேட்டிருந்தா உங்கப்பா திரும்பி வந்திருப்பாரா?

— வந்திருக்க மாட்டார். எனக்கு வயிறு எரியறது கொஞ்சம் அடங்கியிருக்கும். அது மட்டுமா? மேல படிக்கறேன்னேன். அக்கா வேண்டாங்கறானு வந்து சொன்னீங்க. என் சிநேகிதிங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டாம்னது யாரு? அக்கா. பால்கனி வச்ச வீட்டை வேண்டாம்னது யாரு? அக்கா. இந்த வீட்டுல எனக்கு நடந்த ஒவ்வொரு கெட்டதுக்கும் உங்க அக்கா பேர்தான் இருக்கு.

— சரி சரி. அதுக்காக ஒரு வாயில்லாத பிராணியை வச்சா பழி வாங்கறது?

— பிராணியை நான் ஏன் பழி வாங்கறேன். அதுக்கு வண்டியில ஏசி உண்டு, தண்ணி உண்டு. எனக்கு வேண்டியதெல்லாம் ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் உள்ள சாப்பிடறப்ப உங்க அக்கா அதே வண்டியில, மடியில பார்சலை வச்சுக்கிட்டு உட்காரணும். ஸ்பூன் இல்லாம. அதை நான் நின்னு கண்குளிரப் பார்க்கணும்.

— நாயை வீட்டுலயே பூட்டி வச்சுட்டுப் போலாமே.

— நல்லா இருக்கே. குண்டனைத் தனியா விட்டா ஊளையிட்டே உடம்பைக் கெடுத்துக்குதாம். உங்க அத்தான் போனதுலேருந்து அது அவங்களையும், அவங்க அதையும் ஒரு நிமிஷம் பிரியறதில்லைனு நீங்கதானே சொன்னீங்க. அந்த நம்பிக்கையிலதான் திட்டமே போட்டிருக்கேன்.

— உனக்கு இவ்வளவு கல்நெஞ்சா?

— ஆறு வருஷம் காயப்போட்டா எந்த நெஞ்சும் இப்படித்தான் ஆகும்.

— என்னமோ பண்ணு. ஆனா ஒண்ணு. அக்காகிட்ட அந்த நாளைப் பத்தி எதுவும் கேட்டு வைக்காதே. சொல்லிட்டேன்.

— நான் ஏன் கேட்கப் போறேன். கேட்க என்ன இருக்கு?

*

— பூங்காவுல விடலை. படகுத்துறையில விடலை. இப்ப இங்கேயும் அந்த வாசல்காரர் கும்பிடாத குறையா நிறுத்திட்டார். என்னால உங்களுக்கு எவ்வளவு அலைச்சல் பாரு கண்ணு.

— அலைச்சலெல்லாம் இல்லை அண்ணி. நீங்க என்ன தினமுமா வர்றீங்க.

— டேய் குண்டா, சும்மா இரு. அத்தை மேல ஏறாதே. இந்தப் பய வயசுக்கு எங்கேயாவது நிழல்ல படுத்தாப் போதும். நான்தான் தம்பி வீட்டைப் பார்க்கணும்னு இவனையும் இழுத்துட்டு வந்துட்டேன். ஆமாம், தம்பியை எங்க காணோம்?

— மேனேஜர்கிட்ட பேசிப் பார்க்கறேன்னு போனார். பேசி முடிஞ்சுடுச்சு போல. அந்தக் கண்ணாடி வழியா பாருங்க, உட்கார்ந்து தண்ணி குடிக்கறார்.

— குடிக்கட்டும், காலையிலேருந்து வண்டி ஓட்டினவன். வேற எங்கேயாவது இவனை விடற மாதிரி ஒரு இடம் இருக்காதாம்மா? டீக்கடை மாதிரி இருந்தாக்கூடப் போதும். மூணு பேருமா ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு.

— எங்கேயும் இல்லை அண்ணி. இந்தாங்க, உங்களுக்குப் பார்சல் வாங்கிட்டு வந்துட்டேன். வண்டியிலயே சாப்பிடுங்க.

— எனக்கு மட்டுமா? உனக்கு?

— நான் அப்புறம் பார்த்துக்கறேன். நீங்க சாப்பிடுங்க. நான் இங்க கதவுகிட்ட நிக்கறேன்.

— எதுக்கு நிக்கறே, வெயில் கொளுத்துது. உள்ள வந்து உட்காரு. ஸ்பூன் வைக்கலையே இதுல?

— இல்லை. வேணும்னுதான் எடுக்கலை.

— வேணும்னா?

— கையால சாப்பிடுங்க. சட்டையில, மன்னிச்சுக்கங்க, புடவையில சிந்தினா சிந்தட்டும். யாரு பார்க்கப் போறாங்க? பெரிய மனுஷங்கல்லாம் உள்ள இருக்காங்க.

— என்னம்மா பேச்சு ஒரு மாதிரியா இருக்கு?

— இந்தாங்க, இந்த நோட்டையும் பிடிங்க. சாப்பிட்டுக்கிட்டே படிங்க. இடது பக்கம் படிங்க.

— என்ன இது? தோட்டத்து ஹோட்டல், ஆறு மேசை, நாய்க்குத் தண்ணிக் கிண்ணம் வைப்பாங்க. மலையடிவாரப் பூங்கா, கயிறு கட்டினா உள்ள விடுவாங்க. ரொட்டிக் கடை, வெளிப்பக்கம் பெஞ்சு, நிழல் உண்டு. இத்தனை இடம் இருக்கா?

— அஞ்சு இடம் இருக்கு.

— தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை வாசல் வாசலா நிறுத்தினியா?

— ஆமாம்.

— நான் உனக்கு என்ன பண்ணினேன் கண்ணு?

— எனக்கு என்ன பண்ணினாலும் பொறுத்துக்கிட்டிருப்பேன். எங்கப்பாவுக்குப் பண்ணினீங்க பாருங்க, அதுக்குத்தான் இது. இன்னிக்கு உங்களுக்கு எப்படி இருக்கு? எல்லாரும் உள்ள சாப்பிடறாங்க, நமக்கு மட்டும் இடமில்லைனு வண்டியில உட்கார்ந்தா தொண்டையில இறங்குதா? எங்கப்பாவுக்கு இறங்குச்சானு ஒரு நாளாவது நினைச்சுப் பார்த்தீங்களா? பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் நின்னு பாடம் சொல்லிக்கொடுத்த மனுஷன். கை நடுங்கறது அவர் பண்ணின குத்தமா? உங்க குண்டனை வாசல்ல நிறுத்தினா உங்களுக்குப் பொறுக்கலை. எங்கப்பாவை இதே சீட்டுல பூட்டி வச்சுட்டு உள்ள போய் எப்படிச் சிரிச்சுக்கிட்டுச் சாப்பிட்டீங்க?

— இரு இரு. எந்த நாளைச் சொல்றே?

— தெரியாத மாதிரி கேட்காதீங்க. உங்க தம்பிக்குப் பதவி உயர்வு வந்து நீங்க விருந்து வச்ச அன்னிக்கு.

— அன்னிக்கு உங்கப்பா வந்திருந்தாரா?

— அண்ணி, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

— வரட்டும். நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லு. அன்னிக்கு அவர் இங்க வந்திருந்தாரா?

— வந்திருந்தார். இதே வண்டியில, இப்ப நீங்க உட்கார்ந்திருக்கற அதே இடத்துல. வண்டியிலயே இருக்கட்டும்னு சொன்னதே நீங்கதானே.

— கடவுளே. என் பக்கத்துல அவருக்குனு நாற்காலி போட்டு வச்சிருந்தேன்மா. எழுந்திருக்க சுலபமா இருக்கட்டும்னு வழி ஓரமா. அந்த ஆபீசர் சம்சாரம் வந்து அதுல கைப்பையை வச்சா. எடுக்கச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். தம்பிதான் என் காதுல, 'இருக்கட்டும் அக்கா, மாமா வரலை'ன்னான். ஏன்டா வரலைனு கேட்டேன். 'உடம்பு முடியாத மனுஷனை எதுக்கு இழுத்தடிக்கணும்னு அவ அனுப்ப மாட்டேன்னுட்டா'ன்னான்.

— எவ?

— நீதான்.

— நல்லா இருக்கு அண்ணி. மாட்டிக்கிட்டதும் கூடப்பிறந்தவனையே காட்டிக்கொடுத்துத் தப்பிக்கப் பார்க்கறீங்க.

— நான் ஏன் தப்பிக்கணும். நீ இன்னும் நாலு வாசல்ல என்னை நிறுத்து, நிக்கறேன். அவருக்கு எதுவும் கொடுத்தனுப்பாம எப்படி இருக்கறதுனு, பல்லுக்கு மெத்துனு இருக்கறதா பார்த்துப் பார்த்து எடுத்து, என் கையால கட்டி, வீட்டுக்குப் போனதும் அவருக்குக் கொடுடானு நான்தான் கொடுத்தேன். வண்டியில வச்சுட்டு வரேன்னு உடனே எழுந்து போனான்.

— அப்ப ஸ்பூன்?

— வீட்டுக்குத்தானேம்மா போகுதுனு நினைச்சேன். வீட்டுல ஸ்பூன் இல்லாமலா இருக்கும்?

— இல்லை. நான் நம்ப மாட்டேன். சரி, இதுக்குச் சொல்லுங்க. என்னை மேல படிக்க வைக்க வேண்டாம்னு சொன்னீங்களே, அது?

— நானா? அந்தக் காலேஜ் விண்ணப்பத்தை வரிசையில நின்னு வாங்கித் தபால்ல அனுப்பினதே நான்தான். உனக்கு இஷ்டம் இல்லைன்னு தம்பி சொன்னப்ப எனக்கு மனசே ஆறலை.

— விண்ணப்பம் எதையும் நான் கண்ணால பார்க்கலை.

— போன் பண்ணினா நீ எடுக்கறதில்லை. வந்தா வாங்க, சாப்பிட்டீங்களா, அதோட சரி. ஏன்டா உன் பொண்டாட்டி என்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறானு கேட்டேன். 'அவளுக்கு உன்னைக் கண்டாலே ஆகாது அக்கா, நீ ஒதுங்கியே இரு'ன்னான். நானும் ஒதுங்கியே இருந்துட்டேன். ஆறு வருஷமா நாம ரெண்டு பேரும் நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசினதில்லை. எது வந்தாலும் அவன் வாய் வழியாத்தான் வந்துச்சு.

— அண்ணி, நகருங்க. நான் உள்ள உட்காரறேன்.

— வா. டேய் குண்டா, தள்ளிப் படு. இந்தா, முதல்ல தண்ணியைக் குடி.

— தண்ணி வேண்டாம். எனக்கு அவர் வாயால கேட்கணும். நீங்க சொல்றது பொய்யா இருந்தா இப்பவே தெரிஞ்சுடும். போன் போடறேன். நீங்க பேசாம இருங்க.

— போடு.

— ஹலோ, எங்க இருக்கே? சூப் வந்து ஆறிக்கிட்டிருக்கு. பார்சலைக் கொடுத்துட்டுச் சட்டுனு வர வேண்டியதுதானே.

— வரேங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு எங்கப்பாவை வண்டியிலயே இருக்கச் சொன்னது யாரு?

— இப்ப எதுக்கு அது?

— சும்மா சொல்லுங்க. உங்க வாயால இன்னொரு தடவை கேட்டுட்டா எனக்குச் சாப்பாடு இறங்கும்.

— எத்தனை தடவை சொல்றது. அக்காதான்.

— நான் எப்படா சொன்னேன்?

— அக்கா?

— ஸ்பீக்கர்ல போட்டிருக்கேங்க. அண்ணி என் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. நாற்காலி போட்டதைச் சொன்னாங்க, கைப்பையைச் சொன்னாங்க, பார்சல் கட்டினதையும் சொல்லிட்டாங்க. நீங்க எழுந்து ஓடிடாதீங்க. கண்ணாடி வழியா உங்களைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அண்ணி சொல்லலை. நான் அப்ப வந்தே சேரலை. திரும்பக் கேட்கறேன், எங்கப்பாவை வண்டியிலயே இருக்கச் சொன்னது யாரு?

— சொல்லுடா.

— அது வந்து, சொன்னா நீங்க ரெண்டு பேரும் நம்ப மாட்டீங்க. உங்கப்பாதான். அவரேதான் சொன்னார்.